மஞ்சளாக மாறிய தீ

நெருப்பைக் கண்டால் கைதட்டுவது மனித குணம் போலிருக்கிறது. எங்கள் மாவட்டப் பொருட்காட்சியில் நடக்கும் இழுவைப் போட்டியில் டிராக்டரின் புகைக்குழாயிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ எழும்பினால் போதும், பொரித்த பன்றிக்கறியும் பன்னுமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து நின்று கூவுவார்கள். அந்தத் தீ எதற்காக எரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அது வீண் என்பேன். பிஸ்டனுக்கு மேலே எரிந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டிய டீசல், உள்ளே காற்றுப் போதாமல் அரைவேக்காடாக வெளியே வந்து, குழாயின் வாயில் காற்றைக் கண்டதும் பற்றிக்கொள்கிறது. அடுப்பில் எரிய வேண்டியது புகைபோக்கியில் எரிந்தால் சமையல் ஆகுமா? ஆனால் கூட்டம் அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறது. ஓட்டுபவர்களும் அதற்காகவே பம்பைத் திருகித் திருகி, தேவைக்கு மேல் ஊற்றுகிறார்கள்.

நான் அந்தத் தீயைப் பின்னாலிருந்து பார்ப்பவன். பெயர் சைரில் புரூன்ஸ். மேற்கு ஓஹையோவில் பாதிப்பேருக்கு இந்த மாதிரிப் பெயர்தான். வாரநாட்களில் சோளமும் பன்றிகளும். கோடைக்கால ஞாயிறுகளில் ஸ்லெட்.

ஸ்லெட் என்பது டிராக்டரின் பின்னால் சங்கிலியில் மாட்டி இழுக்கப்படும் நீளமான இரும்பு வண்டி. அது நகர நகர, அதன் மேலுள்ள எடைப்பெட்டி பின்னாலிருந்து முன்னால் ஏறி வந்து மூக்கை மண்ணில் அழுத்தும். ஒவ்வொரு அடிக்கும் பாரம் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு பெரிய எஞ்சினும் ஓர் இடத்தில் மூச்சுத் திணறி நின்றாக வேண்டும். எங்கே நிற்கிறது என்பதுதான் போட்டி. களத்தின் கடைசியில் ஒரு வெள்ளைக்கோடு உண்டு. அதைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு.

ஸ்லெட்டின் மேல் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு வேலை. ஒன்று, எல்லோருக்கும் ஒரே பாரம் வைப்பது. தோற்றவன் எப்போதும் "எனக்கு மட்டும் ஏத்தி வச்சிட்டான்" என்பான். அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, என் வலது கைப்பக்கம் தொங்கும் கயிறு. வெறி பிடித்துவிட்ட டீசல் எஞ்சினைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. டீசலை அடைத்தாலும் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும். மூச்சை அடைத்தால்தான் அடங்கும். அதற்காக டிராக்டரில் காற்று உள்ளே போகும் வாயில் ஒரு மூடி வைத்து, இந்தக் கயிற்றை அதோடு இணைத்திருப்பார்கள். ஓடும்போது ஆபத்து என்று எனக்குப் பட்டால் கயிற்றை இழுப்பேன். மூடி சாத்திக்கொள்ளும், எஞ்சின் செத்துவிடும்.

ஆபத்து என்பதை எதை வைத்துச் சொல்வது? நான் தீயின் நிறத்தை வைத்துச் சொல்வேன். கருஞ்சிவப்பு என்றால் டீசல் மிதமிஞ்சிப் போகிறது, பரவாயில்லை. ஆரஞ்சு என்றால் எல்லாம் வழக்கம்போல. பளீரென்று மஞ்சளாகி வெள்ளையை நோக்கிப் போனால், உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது, பிஸ்டனே உருகத் தொடங்குகிறது என்று அர்த்தம். இண்டியானாவில் ஒருமுறை பார்வையாளனாக உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் வந்தது, ஸ்லெட்டில் இருந்தவர் கவனிக்கவில்லை, எஞ்சின் இரண்டாகப் பிளந்து கொதிக்கும் ஆயில் ஓட்டியவரின் மடியில் கொட்டியது. அந்த அலறல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்த மஞ்சளை நான் மறந்ததே இல்லை.

போன ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பொருட்காட்சியின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து ஊரே களத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பெரிய டீசல்களின் வகுப்பில் என் தம்பி ஹூபர்ட் நன்றாக இழுத்து, வெள்ளைக்கோட்டைத் தொட ஒரு மாட்டு நீளம் இருக்கும்போது நின்றான். அவனை யாரும் மிஞ்சவில்லை. கடைசியாக ஒரே ஒரு வண்டிதான் பாக்கி. லவோன் ஹோல்ஷருடையது.

லவோன் எங்கள் பண்ணைக்கு அடுத்த பண்ணைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், பால் மாடு வைத்திருக்கிறாள், யாரிடமும் குரல் உயர்த்தாதவள். எஞ்சினைக் கட்டி, பம்பைத் திருகி, எல்லாவற்றையும் தயார் செய்வது அவள் கணவன் மெர்ல். என்னோடு பள்ளியில் படித்தவன், வாய் சும்மா இராது. ஓட்டுவது மட்டும் அவள். மெர்ல் ஓட்டினால் பாதி வழியில் உணர்ச்சிவசப்பட்டு வண்டியின் மூக்கை வானத்துக்குத் தூக்கி நிறுத்திவிடுவான் என்று ஊருக்கே தெரியும். பொருட்காட்சியில் டிராக்டர்களை நிறுக்கும் எடைமேடைச் சுவரில் வருடா வருடம் ஜெயித்தவர் பெயரைப் பெயின்டால் எழுதி வைப்பார்கள். அந்தச் சுவரில் இதுவரை ஒரு பெண் பெயர் இல்லை. லவோன் பலமுறை இரண்டாவதாக வந்திருக்கிறாள். சுவரில் இரண்டாவது பெயரை எழுதுவதில்லை.

சங்கிலியை மாட்டும் நேரத்தில் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சைரில் அண்ணே, தம்பிக்கு வச்ச அதே பாரந்தான எனக்கும்?"

"ஒரு ஆணி கூட மாத்தலம்மா. வேணும்னா எறங்கி வந்து எண்ணிக்கோ."

"எண்ண வேண்டாம். ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தம்பி தோக்கப் போறான்னு வாடிப் போய்க் கெடக்கு."

மெர்ல் முன்னால் நின்று கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, கட்டை விரலைத் தூக்கினான். கொடிக்காரர் பச்சைக் கொடியை உயர்த்தினார்.

அவள் எடுத்த எடுப்பே வேறு மாதிரி இருந்தது. டிராக்டரின் மூக்கு மண்ணிலிருந்து ஒரு முழம் எழும்பி அப்படியே நின்றது. கரும்புகை, பிறகு குழாயில் ஆரஞ்சுத் தீ, ஒழுங்கான தீ. பாதித் தூரம் வரை ஹூபர்ட்டை விட வேகமாகப் போனாள். எனக்குள்ளே நானே சொல்லிக்கொண்டேன், தம்பி கதை முடிந்தது என்று. சத்தியமாக எனக்கு அதில் சந்தோஷம்தான். சுவரில் அவள் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

பாதியைத் தாண்டியதும் தீ மஞ்சளானது.

மெதுவாக மாறவில்லை. வெல்டிங் வைக்கும்போது கண்ணைக் கூசுமே, அப்படிப் பளிச்சென்று, குழாய் முழுவதும் மஞ்சள். கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது. இவ்வளவு அழகான தீயை அவர்கள் பார்த்ததில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. கயிற்றை இழுத்துவிட்டேன்.

மூடி சாத்தியது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. ஹூபர்ட் நின்ற இடத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கையிலேயே டிராக்டர் மூக்கைக் கீழே போட்டது. அந்த வேகத்துக்கு அவள் வெள்ளைக்கோட்டைத் தாண்டியிருப்பாள், அதில் சந்தேகமே இல்லை.

ஒரு நிமிடம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. புரிந்ததும் அரங்கமே என்னைப் பார்த்துக் கத்தியது. யாரோ வீசிய எலுமிச்சை ஜூஸ் கோப்பை கூண்டில் பட்டுத் தெறித்தது. "அண்ணன் தம்பிக்குக் கப்பு வாங்கிக் குடுத்துட்டான்டா!" என்று ஒரு குரல் கேட்டது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இன்றும் என்னிடம்தான் பன்றிக்குட்டி வாங்குகிறார்.

மெர்ல் களத்துக்குள் ஓடி வந்தான்.

"என்னடா பண்ணித் தொலைச்சே? கை அரிச்சுதா ஒனக்கு?"

"தீயப் பாத்தியா மெர்ல்?"

"பாத்தேன்டா! ஊரே பாத்துச்சு! அதுக்கு?"

தலைமை நடுவர் டெல்பர்ட் வந்து சேர்ந்தார். உரக்கடைக்காரர், நிதானமானவர். எல்லோரையும் கையமர்த்திவிட்டு என் கூண்டருகே வந்து, தனக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"சைரில், ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. கை தவறி இழுத்துட்டியா, இல்ல ஆபத்துன்னு இழுத்தியா? கை தவறுச்சுன்னா தப்பு நம்ம மேல. எஞ்சின் ஆறினதும் அந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி இழுக்கட்டும். ஆபத்துன்னா, நின்ன எடம் நின்னதுதான். அந்த வண்டி இன்னைக்கு மறுபடி களத்துக்குள்ள வராது. விதி அப்படி."

கேட்கச் சுலபமான கேள்விதான். 'கை தவறிவிட்டது' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் சிரித்துவிட்டு மன்னித்துவிடும். தம்பிக்காகச் செய்தான் என்ற பேச்சு அந்த நிமிடமே அடங்கும். லவோனுக்கு இன்னொரு வாய்ப்பு. எல்லோருக்கும் நல்லது. ஒரே ஒரு சங்கடம், நான் பார்த்தது நிஜமாக இருந்தால், அந்த எஞ்சினோடு அவளை நானே மறுபடி ஏற்றி அனுப்புகிறேன்.

ஹூபர்ட் வேலியைத் தாண்டி வந்துவிட்டான், நடுவர் கேட்கும் கேள்வி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகம் சிவந்து கிடந்தது.

"அண்ணே, கை தவறிடுச்சுன்னு சொல்லித் தொலை. ஒன் கால்ல வேணா விழறேன். இப்படி ஜெயிச்சா நாளைக்கு எவன் மூஞ்சில நான் முழிப்பேன்?"

"நீ ஜெயிக்கணும்னு நான் இழுக்கலடா."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

மெர்ல் குறுக்கே வந்தான். "நான் கட்டின எஞ்சின்டா அது. ஒவ்வொரு போல்ட்டும் என் கையால முறுக்கினது. ஒண்ணும் ஆகல. இப்பவே ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். ஏத்தி விடு அவள."

லவோன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவள் கத்தவில்லை.

"என்ன பாத்தீங்க அண்ணே?"

"மஞ்சள்."

"சூட்டு மீட்டர் ஏறவே இல்லையே. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"முள்ளு ஏறி முடிக்கறதுக்குள்ள பிஸ்டன் போயிருக்கும்மா. அது எப்பவும் லேட்டுதான்."

அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டாளா, வேறு எதையாவது நினைத்தாளா, தெரியவில்லை. ஆனால் அவள் கண் எடைமேடைச் சுவர்ப்பக்கம் ஒருமுறை போய் வந்ததை நான் பார்த்தேன்.

நிச்சயமாகத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கண் ஏமாற்றும். வெயில் சாயும் நேரம், சோளக்காட்டுக்கு மேலிருந்து வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கிறது. ஆனால் டெல்பர்ட் கேட்டது, நிச்சயமா என்று அல்ல. எதற்காக இழுத்தாய் என்று.

"ஆபத்துன்னுதான் இழுத்தேன்," என்றேன்.

டெல்பர்ட் பெருமூச்சு விட்டுவிட்டு மைக் பிடித்திருந்தவரிடம் போனார். முடிவு சொன்னார்கள். ஹூபர்ட் முதல். கூட்டம் அவனையும் சேர்த்துக் கூச்சலிட்டது. அவன் போட்டோவுக்கே போகவில்லை. கோப்பையை வாங்காமல் நேராக லவோனின் கூடாரத்துக்குப் போனான், தன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

இது எங்கள் வழக்கம். களத்தில் என்ன சண்டை இருந்தாலும், ஒருவர் எஞ்சினில் கோளாறு என்றால் போட்டிக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் தங்கள் கருவிகளோடு அந்தக் கூடாரத்தில் கூடிவிடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கடைசி வகுப்புக்குக் களத்தை உருட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள், அதற்கு நேரம் பிடிக்கும். நானும் கூண்டிலிருந்து இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. வசவு வாங்குவது எனக்குப் பழக்கம். இந்த மௌனம் பழக்கமில்லை.

மெர்லும் ஹூபர்ட்டும் பானட்டைத் தூக்கி, டீசல் தெளிக்கும் குழல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அந்தத் துளை வழியாகச் சின்னக் கேமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்தோம். முதல் பிஸ்டன் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதும் சுத்தம். ஒரு சின்ன அரிப்பு, ஒரு கறுப்புக் குழி, ஏதாவது ஒன்று இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தியின் எஞ்சின் பாழாகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை, பாருங்கள். ஆறும் சுத்தம். புதுப் பாத்திரம் மாதிரி மின்னின.

"போதுமாடா?" என்றான் மெர்ல்.

பின்னால் ஒருவர் சிரித்தார். ஹூபர்ட் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு.

லவோன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப ஏன் மஞ்சளா வந்துச்சு?"

"என்ன?" என்றான் மெர்ல்.

"நல்லா இருக்கற எஞ்சின்ல ஏன் மஞ்சத் தீ வந்துச்சுன்னு கேக்கறேன். அவரு பொய் சொல்லல. நீயும் பாத்தேன்னு சொன்னியே. பாதிக் களம் வரைக்கும் ஆரஞ்சு, அதுக்கப்புறம் மஞ்சள். பாதிக் களத்துல என்ன நடக்குது?"

அவளே சொன்னாள்.

"தண்ணி தெறக்குது."

டர்போ ஊதித் தள்ளும் காற்று கொதிக்கும் என்பதால், பாரம் ஏறிய பிறகு அதில் தண்ணீரைச் சாரலாகத் தெளித்துத் தணிப்பார்கள். எல்லா வண்டியிலும் உண்டு. அதற்குக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்றுவது.

"உருளக்கெழங்கு வேகறப்ப பொங்கி அடுப்புல வழிஞ்சா தீ என்ன நெறத்துல வரும், தெரியுமா ஒங்களுக்கெல்லாம்?" என்றாள் லவோன். "எங்க தெரியப்போவுது. நீங்க என்னைக்கு அடுப்படிக்கு வந்தீங்க. உப்புத் தண்ணி வழிஞ்சா மஞ்சளா எரியும்."

சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு விரலை மறுபடி நனைத்து மெர்லின் வாய்ப்பக்கம் நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கி நக்கினான்.

"எங்க புடிச்சே இத?"

மெர்லின் குரல் முதல்முறையாக இறங்கியது. "கடைத்தண்ணி கேன எடுத்து வச்சேன். கொட்டகை வாசல்லயே மறந்துட்டு வந்துட்டேன். இங்க வர்றதுக்கு முன்னாடி... பால் கறக்கற எடத்துக் கொழாய்ல புடிச்சேன். தண்ணிதானன்னு."

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு. பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி வைத்து, உப்பு மூட்டையைக் கொட்டி, அது வழியாக வடித்துத்தான் தண்ணீரைப் புழங்குகிறோம். அந்தத் தொட்டி கோளாறானால் உப்பும் சேர்ந்து குழாயில் வரும்.

"வெள்ளிக்கிழமலேர்ந்து காப்பி கரிக்குது, கரிக்குதுன்னு தலபாடா அடிச்சுக்கறேனே. காதுல வாங்கினியா?"

கூடாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற இடத்தில் நான் இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும் நான் பார்த்தது ஆபத்து இல்லை. உருளைக்கிழங்குப் பானை பொங்கியதைப் பார்த்து ஒரு நல்ல இழுவையைக் கொன்றுவிட்டேன்.

டெல்பர்ட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் தோளில் கை வைத்தார்.

"சைரில், முடிவ இனிமே மாத்த முடியாது. அது போகட்டும். கடைசி வகுப்புக்கு மட்டும் வேற ஆள ஒக்கார வச்சுக்கறேன். நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. கூட்டம் சூடா இருக்கு, தப்பா எடுத்துக்காத."

கொஞ்ச நாள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கண் போன ஸ்லெட்காரனை எவனும் திரும்பக் கூப்பிட மாட்டான். கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"நல்ல முடிவு," என்றான் மெர்ல். சிரிப்புக்கு ஆளான கோபம் அவனுக்கு. "உப்பு என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நான் மறுபடி ஏத்துன்னு சொன்னப்ப ஏத்தியிருந்தா, இந்நேரம் அவ பேரு சுவத்துல இருக்கும். இவனோட வீம்புலதான போச்சு?"

"மெர்ல்," என்றாள் லவோன். "அவரு மாட்டேன்னு சொன்னப்ப, அது உப்புன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் சொல்றேன், தெரியாம..."

"ஒனக்குத் தெரியுமா?"

மெர்ல் தண்ணீர்த் தொட்டியின் மூடியை எடுத்துத் திருகி மூடினான்.

"மஞ்சளா வந்தத நீ பாத்தே. ஏன்னு ஒனக்குத் தெரியாது. அது எங்க கொண்டு போய் விடும்னு தெரியும். இண்டியானால அந்த ஆளுக்கு நடந்தப்ப நீ இவரு பக்கத்துலதான ஒக்காந்திருந்தே?"

"எனக்கு எஞ்சின் மேல நம்பிக்க இருந்துச்சு, லவோன்."

"தொறந்து பாக்கலாம்னு கூடச் சொல்லல நீ. ஏத்தி விடுன்னே. அப்ப என்ன நெனச்சே? நெசமாச் சொல்லு, நான் சண்ட போடல."

கூடாரத்துக்குள் எல்லோரும் திடீரென்று தங்கள் ஸ்பேனர்களைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். மெர்ல் தரையைப் பார்த்தான்.

"ஜெயிச்சிடலாம்னு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றாள் அவள். "ஏறுன்னு சொல்லியிருந்தா ஏறியிருப்பேன். ஹூபர்ட் தன் மானத்த நெனச்சாரு. டெல்பர்ட் விதிய நெனச்சாரு. அத்தன பேரு நின்ன எடத்துல என் உசுர நெனச்சது இந்த ஒரு மனுசன்தான். நானே நெனக்கல."

அவள் மேஜையிலிருந்து என் கையுறைகளை எடுத்து டெல்பர்ட்டிடம் நீட்டினாள், அவர்தான் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதுபோல.

"இவர எறக்கினீங்கன்னா, இந்தக் களத்துல நான் இனி சங்கிலி மாட்ட மாட்டேன்."

"அவரு தப்பா இழுத்தாரும்மா! நீயே கண்டுபிடிச்சே!" என்றார் டெல்பர்ட்.

"ஆமா, தப்பாத்தான் இழுத்தாரு. நான் தோத்துட்டேன், வயிறு எரியுது. ராத்திரி வீட்டுக்குப் போய் அழுவேன். ஆனா எனக்குப் பின்னாடி ஒக்கார இவருதான் வேணும்." என் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாட்டி மஞ்சளா வந்தா இழுப்பீங்களா? இல்ல இன்னைக்குப் பட்ட அவமானத்த நெனச்சு யோசிப்பீங்களா?"

இழுப்பேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அவள் முகத்தைப் பார்த்தபோது பொய் வரவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "யோசிப்பேனோன்னு பயமாத்தான் இருக்கு."

"யோசிக்காதீங்க," என்றாள். அவ்வளவுதான். பிறகு உப்புத் தண்ணீரைக் கீழே கொட்டும் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

டெல்பர்ட் கையுறைகளை என் கையில் திணித்தார். நான் வெளியே வந்து களத்தைக் கடந்தபோது மறுபடி கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, குனிந்து பெல்ட்டைச் சரி செய்வதுபோல நடித்துக்கொண்டு அழுதேன். அறுபது வயதில் எதற்கு வந்தது அந்த அழுகை என்று கேட்டால், அவமானத்துக்கு இல்லை. அவள் சொன்ன வார்த்தைக்கு.

கடைசி வகுப்பின் முதல் வண்டி பின்னோக்கி வந்து நின்றது. சங்கிலி மாட்டுகிற பையன்களுக்குப் பதிலாக மெர்ல் வந்து குனிந்து மாட்டினான். யார் அவனை வரச்சொன்னார்கள் என்று தெரியவில்லை. மாட்டி முடித்ததும் போகாமல் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, அவன் வாயை என் காதருகே கொண்டுவர வேண்டியிருந்தது.

"என் பொண்டாட்டி உசுரு எனக்குப் பெருசில்லன்னு நெனச்சுக்காத சைரில்."

"சேச்சே, நான் அப்படி நெனக்கலடா."

"நான் நெனக்கறேன்," என்றான் மெர்ல்.

கம்பியை விட்டுவிட்டு வேலிப்பக்கம் நடந்தான். கொடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.